தொடாமலே அளக்கும் காந்தம்: ஏபிஎஸ் விளக்கு முதல் ஏலகிரி வளைவு வரை

2025-இல் இரண்டு செய்திகள் சில மாத இடைவெளியில் வந்தன. ஏப்ரலில், ஏழு அரிய மண் தனிமங்களையும் அவற்றைச் சேர்த்துச் செய்த காந்தங்களையும் ஏற்றுமதி செய்ய இனி உரிமம் வாங்க வேண்டும் என்று சீனா அறிவித்தது. ஜூனில், சின்ன வண்டிகள் உட்பட இருசக்கர வாகனங்களுக்கு ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏற்பாடு) கட்டாயம் என்கிற வரைவு அறிவிப்பு டெல்லியில் இருந்து வந்தது. 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரலில் இருந்தே அது கட்டாயம்தான். ராணிப்பேட்டையில் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை ஓடுகிறது; ஸ்கூட்டர் மோட்டாருக்கு இந்தக் காந்தம் வேண்டும். அதனால் முதல் செய்தி இந்தப் பக்கத்தில் வெறும் வெளிநாட்டுச் செய்தியாக இல்லை. இரண்டும் சேர்ந்ததும் ஒரு குழப்பம் கிளம்பியது: ஏபிஎஸ்ஸுக்கும் காந்தம் வேண்டுமாமே, அப்படியானால் அதுவும் கிடைக்காமல் போகுமா?

இன்னொரு குழப்பம் செய்தித்தாளில் வராதது. வேலூர் சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் எந்த ஷெட்டில் வண்டியை நிறுத்தினாலும், ஏபிஎஸ் விளக்கு எரிகிறது என்றால் வருகிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "சென்சார் போய்டுச்சுண்ணா, புதுசு போட்டாத்தான் லைட் அணையும்." சில நேரம் அது சரி. பல நேரம் சென்சார் நன்றாகவே இருக்கும்; அதன் எதிரே இருப்பதுதான் கெட்டிருக்கும்.

இரண்டு குழப்பத்துக்கும் வேர் ஒன்று. காந்த சென்சார் வேகத்தை அளப்பதில்லை, விசையையும் அளப்பதில்லை. தன் மூக்கு நுனியில் காந்தப்புலம் எவ்வளவு இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது, எப்படி மாறுகிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். அதை வேகமாகவோ, திருப்பமாகவோ, கிலோ கணக்கான அழுத்தமாகவோ மாற்றுவது எதிரே வைத்திருக்கும் இரும்பும், நடுவே விட்டிருக்கும் இடைவெளியும்.

(பாடப்புத்தகத் தமிழில் 'உணரி'. ஷெட்டிலும் ஃபேக்டரியிலும் 'சென்சார்'. இங்கே சென்சார் என்றே இருக்கட்டும்.)

தொடுவதில் என்ன சிக்கல்?

பழைய ஸ்கூட்டரின் வேகமானியை நினைத்துப் பாருங்கள். முன் சக்கரத்தில் இருந்து ஒரு கேபிள் கைப்பிடி வரை ஏறும். உள்ளே கம்பி சுற்றிக்கொண்டே இருக்கும். கிரீஸ் காய்ந்தால் 'கிரீச்', பிறகு ஒரு நாள் 'டப்', முள் படுத்துவிடும். வேடிக்கை என்னவென்றால், அந்த முள்ளை நகர்த்தியதே தொடாத காந்தம்தான். கேபிளின் மேல் முனையில் ஒரு காந்தம் சுழலும். அதைச் சுற்றி, அதைத் தொடாமல் ஒரு அலுமினியக் கிண்ணம். காந்தம் சுழலச் சுழல அலுமினியத்துக்குள் சுழல் மின்னோட்டம் எழும். அது கிண்ணத்தையும் கூடவே இழுக்கும். மெல்லிய சுருள் ஸ்பிரிங் அதைத் தடுத்து நிறுத்தும். இழுப்பும் தடுப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். பெர்லினில் ஓட்டோ ஷுல்ட்சே 1902-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. ஆக, தொடாத பகுதி பல பத்தாண்டு தாங்கியது. தேய்ந்து அறுந்தது தொடும் பகுதியான கேபிள்.

இதே கதைதான் மற்ற இடங்களிலும். கார்பன் பட்டையின் மேல் ஒரு முனை உரசி நகரும் பழைய வகை ஆக்சிலரேட்டர் சென்சாரில், அடிக்கடி நிற்கும் இடத்தில் பட்டை தேய்ந்து பள்ளமாகும். சுழலும் தண்டில் முறுக்கு விசையை அளக்க ஸ்ட்ரெய்ன் கேஜ் (இழுபட்டால் மின்தடை மாறும் மெல்லிய பட்டை) ஒட்டினால், தண்டோடு சேர்ந்து ஒயரும் சுற்றும். அதை வெளியே எடுக்க உரசும் வளையமோ ரேடியோவோ வேண்டும். தோல் தொழிற்சாலையின் ஈரம், குவாரித் தூசி, மழையில் தெறிக்கும் சேறு இவையெல்லாம் உரசும் தொடர்பைக் கெடுக்கும். ஒளியைக் கொண்டு அளக்கலாமே என்றால், சேறு ஒளியையும் மறைத்துவிடும். காந்தப்புலத்துக்குச் சேறும் ஒன்றுதான், காற்றும் ஒன்றுதான். கிரீஸ், பிளாஸ்டிக், அலுமினியம் எல்லாவற்றையும் தாண்டிப் போகும். இரும்பு போன்றவை மட்டும்தான் அதன் வழியை மாற்றும். இந்தக் கடைசி வாக்கியத்தில் சென்சாரின் பலமும் இருக்கிறது, அதன் பலவீனமும் இருக்கிறது.

காந்தத்தை உணர ஐந்து வழிகள்

முதலில் அளவுகள். காந்தப்புலத்தின் அலகு டெஸ்லா. அது மிகப் பெரிய அலகு. வேலூரில் பூமியின் காந்தப்புலம் ஒரு டெஸ்லாவில் பத்து லட்சத்தில் சுமார் 40 பங்கு, அதாவது 40 மைக்ரோ டெஸ்லா. பூமியின் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடிக்கு அருகே ஓடுவதால், இங்கே அந்தப் புலம் கிட்டத்தட்டத் தரைக்கு இணையாகவே படுத்திருக்கிறது. இந்த 40-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

1. தூண்டல். 1831-இல் ஃபாரடே கண்டது. சுருளின் ஊடே போகும் காந்தப்புலம் மாறினால் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். ஒரு காந்தம், அதன் மேல் சுருள், எதிரே பல் வெட்டிய இரும்புச் சக்கரம். பல் வரும்போது புலம் கூடும், பள்ளம் வரும்போது குறையும். வெளியில் இருந்து மின்சாரமே வேண்டாம். ஒரே குறை, புலம் மாறும் வேகத்தைப் பொறுத்துத்தான் சிக்னல் வரும். சக்கரம் மெதுவானால் சிக்னலும் மெலியும், நின்றால் ஒன்றும் இல்லை.

2. ஹால் விளைவு. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த எட்வின் ஹால், 1879-இல் மெல்லிய தங்கத் தகட்டை வைத்துச் செய்த சோதனை. தகட்டில் மின்னோட்டம் நீளவாக்கில் போகிறது. செங்குத்தாகக் காந்தப்புலம் வைத்தால் மின்னணுக்கள் ஒரு ஓரமாக ஒதுங்கும். மே மாதம் மதியம் லாங் பஜாரில் நடக்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்: போகும் திசை எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் வெயில் ஒரு பக்கம் அடித்தால் கூட்டம் மொத்தமும் நிழல் ஓரமாகச் சேர்ந்துவிடும். அப்படி ஒரு ஓரத்தில் நெரிசலும் மறு ஓரத்தில் காலியும் ஏற்பட்டால், குறுக்கே ஒரு சின்ன மின்னழுத்தம் கிடைக்கும். தங்கத்தில் அது மிகமிகச் சிறியது; பிறகு வந்த குறைக்கடத்திகளில் பயன்படும் அளவுக்கு வளர்ந்தது. இதன் பெரிய லாபம், சக்கரம் நின்றிருந்தாலும் எதிரே காந்தம் இருக்கிறதா இல்லையா என்று சொல்லும்.

3. காந்த மின்தடை. காந்தப்புலத்தின் திசைக்கு ஏற்ப இரும்பு, நிக்கல் போன்றவற்றின் மின்தடை கொஞ்சம் மாறுவதை வில்லியம் தாம்சன் 1850-களில் கண்டார். 1988-இல் ஆல்பர்ட் ஃபெர்ட்டும் பீட்டர் குரூன்பெர்க்கும் தனித்தனியே, மிக மெல்லிய அடுக்குகளில் இந்த மாற்றம் பல மடங்கு பெரிதாவதைக் கண்டுபிடித்தார்கள். 2007-இல் நோபல் பரிசு. ஹாலைவிட நுண்ணியது; கோணம் அளக்க ஏற்றது.

4. சுழல் மின்னோட்டம். காந்தமே தேவையில்லை. ஒரு சுருளில் உயர் அதிர்வெண் மின்னோட்டத்தை ஓட்டி உலோகத்தின் அருகே கொண்டுபோனால், உலோகத்தில் எழும் சுழல் மின்னோட்டம் சுருளைத் திரும்பப் பாதிக்கும். எவ்வளவு பாதிக்கிறது என்பதில் இருந்து தூரம் தெரியும்.

5. காந்த மீட்சி விளைவு. இரும்பைக் காந்தமாக்கினால் அதன் நீளம் துளி மாறும் என்பது 1842-இல் ஜூல் கண்டது. அதைத் திருப்பிப் போட்டால், இரும்பை இழுத்தாலோ அழுத்தினாலோ அதன் காந்தக் குணம் மாறும். இது 1865-இல் எமிலியோ வில்லாரி. விசையை அளக்க இதுதான் நேர்வழி.

சக்கரத்தில் நடப்பது

ஏபிஎஸ் உள்ள பைக்கின் முன் சக்கரத்தில், டிஸ்க்குக்கு உள்பக்கம் பல் வெட்டிய அல்லது ஜன்னல் ஜன்னலாகத் துளையிட்ட ஒரு எஃகு வளையம் இருக்கும். அதற்கு எதிரே, கட்டைவிரல் நுனி அளவில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் முனை. இரண்டுக்கும் நடுவே சுமார் ஒரு மில்லிமீட்டர். முழு ஏற்பாடும் அவ்வளவுதான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வளையத்தில் 48 பல், சக்கரத்தின் சுற்றளவு 1.9 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நொடிக்கு 16.7 மீட்டர், சக்கரம் நொடிக்கு 8.8 சுற்று, சென்சார் காணும் பற்கள் நொடிக்குச் சுமார் 420. வேகம் 5 கிலோமீட்டருக்கு இறங்கினால் நொடிக்கு 35. வேறு விதமாகச் சொன்னால், இந்த எண்ணிக்கையை வாங்கும் ஏபிஎஸ் கணினிக்குச் சாலை என்பது நாலு நாலு சென்டிமீட்டர் துண்டு. பிரேக் பிடிக்கும்போது முன் சக்கரத்தின் எண்ணிக்கை திடீரென்று விழுந்து, பின் சக்கரத்தின் எண்ணிக்கை அப்படியே இருந்தால், முன் சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறது என்று கணினி எடுத்துக்கொண்டு பிரேக் அழுத்தத்தைத் தளர்த்தும்.

இந்த முனைகளில் இரண்டு தலைமுறை உண்டு. பழையது முதல் வழி, சுருளும் காந்தமும். மல்டிமீட்டரில் ஓம் பார்த்தால் ஓராயிரம் சுற்றுவட்டாரத்தில் ஏதாவது காட்டும். புதியது இரண்டாவது அல்லது மூன்றாவது வழி. உள்ளே சில்லு (சிப்) இருக்கிறது, அதற்கு மின்சாரம் வேண்டும். இரண்டே ஒயர்தான், ஆனால் அதில் போகும் மின்னோட்டம் பல்லுக்கும் பள்ளத்துக்கும் ஏற்ப 7 மில்லி ஆம்பியருக்கும் 14 மில்லி ஆம்பியருக்கும் மாறி மாறித் தாவும். வெளியே பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருக்கும். இங்கேதான் ஷெட்டில் தவறு நடக்கிறது: புது வகைச் சென்சாரில் ஓம் வைத்துப் பார்த்து, அர்த்தமில்லாத எண் வந்ததும் 'போச்சு' என்று தீர்ப்பு. ஓம் பார்ப்பது அந்தச் சில்லுக்கான சோதனையே இல்லை.

இடைவெளிதான் உண்மையான அளவுகோல். ஒரு சின்னக் காந்தத்தில் இருந்து சற்றே விலகி நின்றால், தூரம் இரட்டிப்பானால் புலம் எட்டில் ஒரு பங்காகிவிடும். மிக அருகில் இந்தச் சரிவு அவ்வளவு செங்குத்தாக இருக்காது. ஆனாலும் ஒரு மில்லிமீட்டர் இரண்டானால் சிக்னல் பாதிக்கு மேல் குறைந்துவிடலாம். பஞ்சர் கடையில் டயர் கழற்றும்போது லிவர் வளையத்தில் பட்டு லேசாக வளைந்தால் போதும்: ஒவ்வொரு சுற்றிலும் ஒரு இடத்தில் பல் தொலைந்து போகும். பேரிங் ஆடினாலும் இதே விளைவு. காந்தம் உள்ள முனை என்பதால் பிரேக்கில் இருந்து வரும் இரும்புத் துகளை அது தன் மேலேயே சேர்த்துக்கொள்ளும். சில மாதத்தில் மீசை மாதிரி ஒரு படலம்.

மின்சார ஸ்கூட்டரில் எத்தனை காந்தம்?

ஆக்சிலரேட்டரைத் திருகும்போது உள்ளே ஒரு வளைந்த காந்தம் ஹால் சென்சாருக்கு முன்னால் நகர்கிறது. 5 வோல்ட் கொடுத்தால், திருகாத நிலையில் ஒரு வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகவும், முழுக்கத் திருகினால் நாலு வோல்ட் பக்கத்திலும் வரும். ஏன் சுழியத்தில் இருந்து தொடங்கக் கூடாது? ஒயர் அறுந்தால் சுழியம் வரும், ஷார்ட் ஆனால் 5 வரும். இரண்டுமே 'இது திருகல் இல்லை, பழுது' என்று கன்ட்ரோலருக்குத் தெரிய வேண்டும். அறுந்த ஒயரை முழு வேகம் என்று எடுத்துக்கொள்ளும் வண்டியில் யார் ஏறுவார்கள்?

சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் உள்ள வண்டியில் மூன்று ஹால் சென்சார்கள், காந்தச் சுழற்சிக் கணக்கில் 120 பாகை இடைவெளியில் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றும் எதிரே வட துருவமா தென் துருவமா என்று ஆம் அல்லது இல்லை சொல்லும். மூன்றுக்கும் சேர்த்து எட்டுச் சேர்க்கைகள் சாத்தியம். அவற்றில் 'மூன்றும் ஆம்', 'மூன்றும் இல்லை' என்ற இரண்டும் நல்ல மோட்டாரில் வரவே வராது. மீதி ஆறும் வரிசையாக வரும். அந்த வரிசையைப் பார்த்துத்தான் எந்தச் சுருளுக்கு மின்சாரம் என்று கன்ட்ரோலர் முடிவு செய்கிறது. ஒரு சென்சார் செத்தால் வரிசை உடைந்து வண்டி விக்கல் எடுக்கும், அல்லது உதறிவிட்டு நிற்கும். வராத சேர்க்கை வந்தால் பழுதுக் குறியீடு. மூன்று ஆம்-இல்லை பதில்களில் இயக்கமும் வந்துவிடுகிறது, தன்னைத்தானே சோதிக்கும் வழியும் வந்துவிடுகிறது. நேர்த்தியான ஏற்பாடு இது.

சரி, சீன உரிமம் எங்கே இடிக்கிறது? சாதாரண நியோடைமியம் காந்தம் 80 டிகிரி வரைதான் நம்பகமானது. அதைத் தாண்டினால் பலத்தில் ஒரு பகுதியை நிரந்தரமாக இழக்கலாம். வேலூர் வெயில் 40-ஐத் தாண்டும் நாளில், ஆள் ஏற்றிக்கொண்டு ஏற்றத்தில் ஏறும் மோட்டாருக்குள் சூடு எவ்வளவு எகிறும் என்று யோசியுங்கள். அதனால்தான் மோட்டார் காந்தத்தில் டிஸ்ப்ரோசியம், டெர்பியம் சேர்க்கிறார்கள். சூட்டிலும் காந்தம் தளராமல் நிற்கும். உரிமப் பட்டியலில் இருந்த ஏழில் இந்த இரண்டும் உண்டு. நியோடைமியம் அதில் இல்லை.

ஏபிஎஸ் வளையமோ வெறும் எஃகு. முனைக்குள் இருக்கும் காந்தம் பட்டாணி அளவுக்குள் அடங்குவது. பல இடங்களில் அரிய மண் இல்லாத ஃபெரைட் காந்தம் போட்டாலே போதும். மோட்டாருக்குள் இருப்பதோ காந்தக் கட்டிகளின் முழு வளையம். ஆகவே காந்தத் தட்டுப்பாட்டில் முதலில் தவிப்பது மோட்டார்தான். ஏபிஎஸ் வராமல் போக அதைக் காரணம் காட்டுவது பொருந்தாது.

விசையை எப்படித் தொடாமல் பிடிப்பது?

வேகம் கண்ணுக்குத் தெரியும், விசை தெரியாது. அது எதையாவது வளைத்தாலோ முறுக்கினாலோதான் தெரியும். காந்தத்தால் விசையை அளக்க இரண்டே வழி: ஒன்று, வளைய விட்டு வளைவை அளப்பது, மற்றொன்று, எஃகு உள்ளுக்குள் படும் பாட்டையே கேட்பது.

முதல் வழிக்கு ஏலகிரி நல்ல உதாரணம். மலையடிவாரத்துப் பொன்னேரியில் இருந்து மேலே ஏற 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள், வள்ளல்கள் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். பவர் ஸ்டியரிங் உள்ள காரில் வளைவுக்கு வளைவு ஸ்டியரிங்கைத் திருப்பும்போது, ஸ்டியரிங் தண்டின் நடுவே உள்ள ஒல்லியான ஒரு எஃகுக் கம்பி சில பாகை முறுக்கிக்கொள்ளும். கம்பியின் மேல் முனையில் பல துருவங்கள் கொண்ட காந்த வளையம், கீழ் முனையில் புலத்தைச் சேகரிக்கும் இரும்பு வளையங்கள். முறுக்கு இல்லாதபோது வடக்கும் தெற்கும் சமமாக விழுந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். முறுக்கியதும் சமநிலை குலையும். ஹால் சென்சார் அதைக் காணும். எந்தப் பக்கம், எவ்வளவு பலம் என்று தெரிந்ததும் மின் மோட்டார் அதே பக்கம் உதவும். வளைவு முடிந்து கை தளர்ந்ததும் கம்பி நேராகும், மோட்டாரும் ஓயும். டிரைவரின் கை பலத்தை அளக்க அங்கே எதுவும் உரசவில்லை.

இதில் ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. முறுக்கிக்கொள்ளும் கம்பி என்றால் கொஞ்சம் தளர்வு என்று பொருள். ஸ்டியரிங்கில் அது பரவாயில்லை. பெரிய இயந்திரத்தின் முதன்மைத் தண்டில் அப்படி ஒரு ஒல்லி இடத்தை யாரும் விரும்ப மாட்டார்கள்.

அதனால் இரண்டாவது வழி, வில்லாரி காட்டியது. தண்டின் ஒரு பகுதியை மோதிரம் மாதிரி வட்டமாகக் காந்தமாக்கிவிடுகிறார்கள். வட்டத்துக்குத் தொடக்கமும் முடிவும் இல்லை, ஆகவே துருவமும் இல்லை. வெளியே சென்சார் வைத்தால் ஒன்றும் தெரியாது. தண்டை முறுக்கியதும் உள்ளே எஃகு ஒரு சாய்வில் இழுபடும், எதிர்ச் சாய்வில் அழுத்தப்படும். காந்தத்தின் திசையும் அந்தப் பக்கம் துளி சாயும். சாய்ந்ததும் வட்டம் முழுமையாக மூடாது. கொஞ்சம் புலம் தண்டின் நீளவாக்கில் வெளியே கசியும். முறுக்கு இரட்டிப்பானால் கசிவும் ஏறக்குறைய இரட்டிப்பு. எதிர்ப்பக்கம் முறுக்கினால் கசிவின் திசையும் திரும்பும். தண்டு நின்றாலும் சரி, சுற்றினாலும் சரி, வெளியே நிற்கும் சுருளுக்கு எல்லாம் ஒன்றுதான். பெடல் மிதிக்கும் பலத்துக்கு ஏற்ப உதவி செய்யும் மின்சார சைக்கிள்களில், மிதி அச்சில் இப்படி அளப்பதுண்டு.

இப்போது அந்த 40 மைக்ரோ டெஸ்லாவுக்கு வருவோம். தண்டில் இருந்து கசியும் புலம் மிகச் சிறியது. பூமியின் புலத்தோடு ஒப்பிடும் அளவில்தான் இருக்கும். சைக்கிளின் மிதி அச்சு படுக்கை வாட்டில் இருக்கிறது. நம் ஊரில் பூமியின் புலமும் படுக்கையாகவே இருக்கிறது. ஆகவே காட்பாடி நோக்கி மிதித்துவிட்டு ஆற்காடு பக்கம் திரும்பினாலே, மிதியின் பலம் மாறாமல் கணக்கு மட்டும் மாறிவிடும். இதற்கு மருந்து எளிது, அழகானதும்கூட: தண்டில் அடுத்தடுத்து இரண்டு வட்டங்கள், எதிர் எதிர்த் திசையில் காந்தமாக்கியவை. முறுக்கினால் ஒன்று கிழக்கே கசிந்தால் மற்றது மேற்கே கசியும். பூமியின் புலம் இரண்டுக்கும் ஒரே திசை. ஒன்றில் இருந்து மற்றதைக் கழித்தால் பூமி போய்விடும், முறுக்கு மட்டும் இரட்டிப்பாக மிஞ்சும்.

தொழிற்சாலையில், மின்நிலையத்தில், தண்டவாளத்தில்

ஆம்பூர், வாணியம்பாடி ஷூ ஃபேக்டரிகளில் காற்றழுத்தத்தால் இயங்கும் இயந்திரங்களின் சிலிண்டரைப் பார்த்தவர்களுக்கு, அதன் வெளியே பள்ளத்தில் சொருகிய ஒரு சின்ன சென்சாரும் அதன் சிவப்பு விளக்கும் தெரிந்திருக்கும். சிலிண்டருக்குள் பிஸ்டனில் ஒரு காந்த வளையம். பிஸ்டன் அந்த இடத்துக்கு வந்ததும் வெளியே ரீட் சுவிட்ச் (காந்தம் அருகே வந்தால் மூடிக்கொள்ளும் சுவிட்ச்) அல்லது ஹால் சென்சார் விழிக்கும், விளக்கு எரியும், அடுத்த வேலை தொடங்கும். சிலிண்டர் அலுமினியம் என்பதால்தான் இது நடக்கிறது. இரும்புக் குழாயாக இருந்தால் புலத்தைத் தானே விழுங்கிக்கொள்ளும். சின்னத் திருகு தளர்ந்து சென்சார் இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தாலே இயந்திரம் பாதியில் நின்றுவிடும். அப்போதும் பழி சென்சாருக்குத்தான் போகும்.

ராணிப்பேட்டை பெல் ஆலை மின்நிலையக் கொதிகலன்களுக்கான பெரிய விசிறிகளைச் செய்கிறது. அந்த மின்நிலையங்களில் டர்பைன் போன்ற இயந்திரங்களின் தண்டு, எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்து சுழல்கிறது. அது எவ்வளவு ஆடுகிறது என்பதைச் சுழல் மின்னோட்டச் சென்சார் கவனிக்கும். தண்டுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் தள்ளி நின்று, தண்டு ஒரு மைக்ரான் நகர்ந்தால் ஏறக்குறைய 8 மில்லிவோல்ட் வித்தியாசம் காட்டுவது இந்தத் துறையில் வழக்கமான அளவு. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆட்டம் எல்லை தாண்டினால் எச்சரிக்கை. இன்னும் போனால் இயந்திரத்தையே நிறுத்திவிடும்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரை வந்தது. இன்று அதே வழியில் ஓடும் ரயிலும் காந்தச் சென்சாரைத் தாண்டித்தான் போகிறது. இந்திய ரயில்வேயில் பரவலாக உள்ள அச்சு எண்ணியில், தண்டவாளத்தின் ஒரு பக்கம் புலத்தை அனுப்பும் சுருள், மறுபக்கம் அதை வாங்கும் சுருள். சக்கரம் நடுவே வந்ததும் வாங்கும் புலம் மாறும். ஒரு அச்சு என்று எண்ணும். அருகருகே இரண்டு ஜோடி வைத்தால் எது முதலில் மாறியது என்பதில் இருந்து ரயில் வரும் திசையும் தெரியும். ஒரு பகுதிக்குள் போன அச்சும் வெளியே வந்த அச்சும் சமமானால் பாதை காலி. தண்டவாளத்தில் மின்சாரம் ஓட்டிப் பார்க்கும் பழைய முறை, மழைநீர் ஜல்லியில் தேங்கினால் தடுமாறும். இதற்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் எண்ணிக்கை ஒன்று பிசகினாலும் பாதையில் ரயில் இருப்பதாகவே வைத்துக்கொள்ளும். பாதுகாப்புக்கு அதுதான் சரி. தாமதத்தில் உட்கார்ந்திருக்கும் பயணிக்குத்தான் அது புரியாது.

இனி ஷெட்டுக்குத் திரும்பலாம்

ஏபிஎஸ் விளக்கு எரிகிறது. புதுச் சென்சார் வாங்கும் முன்னால் பார்க்க வேண்டிய வரிசை இது, செலவு குறைவானதில் இருந்து:

1. சக்கரத்தைத் தூக்கி மெதுவாகச் சுற்றி, வளையத்துக்கும் முனைக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஒரு முழுச் சுற்றும் கவனியுங்கள். ஒரு இடத்தில் மட்டும் விலகினால் வளையம் வளைந்திருக்கிறது. சமீபத்தில் பஞ்சர் போட்டிருந்தால் சந்தேகம் வலுக்கும்.

2. முனையைக் கழற்றித் துணியால் துடையுங்கள். துணியில் இரும்புத் துகள் ஒட்டி வந்தால் பாதிப் பதில் கிடைத்துவிட்டது. எமரி தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம்.

3. வளையத்தில் எந்தப் பல்லுக்கு நடுவிலாவது கல், துரு, கிரீஸோடு சேர்ந்த இரும்புத் தூள் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பள்ளம் நிரம்பினால் அங்கே பள்ளமே இல்லை என்றுதான் சென்சார் சொல்லும்.

4. சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங்கை மாற்றாமல் சென்சாரை மாற்றிப் பயனில்லை.

5. ஒயர், குறிப்பாக ஃபோர்க் மேலும் கீழும் போகும் இடத்தில் மடங்கும் பகுதியும், கனெக்டரில் பச்சை பிடித்த முனையும்.

6. இவ்வளவும் சரி என்றால் சென்சாரைச் சந்தேகிக்கலாம். பழுதுக் குறியீட்டைப் படிக்கும் கருவி உள்ள இடத்தில் முன் சக்கரமா பின் சக்கரமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் ஸ்டாண்டில் நிறுத்திச் சாவி போட்டு, விளக்கு இன்னும் எரிகிறதே என்று சண்டை பிடிக்கிறவர்கள் உண்டு. நின்ற வண்டியில் அது எரியத்தான் செய்யும். சக்கரம் சுற்றிப் பல் எண்ணிப் பார்க்காமல் எல்லாம் சரி என்று சொல்ல அந்தக் கணினியால் முடியாது. சர்வீஸ் ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். நடக்கும் வேகத்தைச் சற்றுத் தாண்டியதும் விளக்கு அணைய வேண்டும். அணையவில்லை என்றால் திரும்பி ஷெட்டுக்கு.